ஒட்டியாச்சு

அஞ்சலோவின் சைலன்சர்ப் பட்டறையில் ஒட்டுவது ஒரு வேலை, ஓட்டுவது வேறு வேலை. இரண்டு குழாய்த் துண்டுகளை முகத்தோடு முகம் பொருத்தி, விலகாமலிருக்கச் சுற்றிவர நாலு இடத்தில் புள்ளி போல உருக்கி வைத்தால் அது ஒட்டு. பிறகு அதைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோய், குழாயின் வயிற்றுக்குள்ளும் ஆகன் வாயுவை நிரப்பிக்கொண்டு, மயிரிழை இடைவெளியும் விடாமல் வட்டமாக உருக்கிக்கொண்டே போனால் அது ஓட்டு. ஒட்டினதை வைத்து அளவு சரியா என்று பார்க்கலாம். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. ஓட்டினதுதான் வீதிக்குப் போகும். இந்தக் குறில் நெடில் கணக்கு அந்தப் பட்டறைக்குள் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாமே ஒட்டுத்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது ஆள் இன்பமலர், அஞ்சலோவின் மனைவி. உட்துறைமுக வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குசினி, நடுவில் ஒரு தகரக் கதவு. குழாயின் இரண்டு வாயையும் டேப் சுற்றி அடைப்பது, வாயுவை உள்ளே விடுவது, அளவு பார்த்துத் திறப்பது எல்லாம் அவள் வேலை. உள்ளே வாயு நில்லாமல் ஓட்டினால் எவர்சில்வரின் பின்பக்கம் கறுத்து, காய்ந்த சீனி போலப் பொரிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகையால், பாவம், தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று யாரும் அவளுக்காக வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. தெரிந்தவள்தான் சொன்னாள்.

அன்று பட்டறைக் குழிக்கு மேலே நின்றது ரஜீவனின் வெள்ளை வான். முன் சீற்றுக்குக் கீழே எஞ்சினை வைத்திருக்கும் சின்னப் பெற்றோல் வான். ரஜீவன் ஈச்சிலம்பற்றுக்காரன், அங்கிருந்து நண்டும் மீனும் ஐஸ் பெட்டியில் ஏற்றி வந்து திருகோணமலையில் கொடுப்பவன். பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் வானின் அடியை அரித்து, இரண்டு இரும்புச் சைலன்சர்களைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

"அண்ணை, இனி எனக்கு இரும்பு வேண்டாம். சோத்துக் கோப்பை மாதிரி எவர்சில்வரில செய்து தாங்கோ. என்ட மகன் வளந்து ஓடினாலும் உக்கக்கூடாது," என்று கேட்டிருந்தான்.

அந்த மகன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பச்சைக் குழந்தை. ரஜீவனின் மனைவி கௌசிகா அன்புவழிபுரத்தில் தாய் வீட்டில் இருந்துதான் பிள்ளையைப் பெற்றாள். அன்று நல்ல நேரம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக ரஜீவன் தவித்துக்கொண்டிருந்தான். மீன் மணம் போக வானைக் கழுவி, தரைக்குப் புது விரிப்புப் போட்டு, முன்கண்ணாடியில் மல்லிகை வாசனைப் போத்தல் ஒன்றையும் தொங்கவிட்டிருந்தான். தகப்பனான புதிதில் ஆண்கள் செய்கிற கூத்து.

காலையில் அஞ்சலோ குழிக்குள் நின்று, குழாயை வானிலேயே பொருத்தி வளைவு பார்த்து, எல்லா மூட்டையும் ஒட்டினான். கடைசிப் புள்ளி வைத்த கையோடு ஆகன் தீர்ந்துவிட்டது.

"மலர், எல்லாம் ஒட்டியாச்சு. நான் போய் ஆகன் எடுத்துக்கொண்டு வந்து, கழட்டி ஓட்டிப்போடுறன்," என்று சொல்லி, வெறும் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் ரஜீவன் வந்தான்.

"அக்கா, சைலன்சர் ஒட்டியாச்சோ?"

தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். இன்பமலர் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி, எல்லாம் ஒட்டியாச்சு."

புருசன் சொன்ன சொல் காதில் இருந்தது. அதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணை எங்க?"

"ஆகன் எடுக்கப் போயிட்டார்."

அதற்கு அவன் ஏதோ சொன்னான். அந்த நேரம் பார்த்து மார்கழி மழை கூரைத் தகரத்தில் கொட்டத் தொடங்கியது. என்ன சொன்னான் என்று விளங்காமலே "ஓம், ஓம்" என்றாள். பாதித் தேங்காயோடு எழும்பிப் போய் விசாரிக்கப் பஞ்சியாக இருந்தது. வான் ஒன்று உறுமிக்கொண்டு போவது கேட்டது. ஒழுங்கையில் போகிற வான் என்று நினைத்தாள். தேங்காயைத் திருவி முடித்து, கையைக் கழுவி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அப்போதுதான் மழைச் சத்தத்துக்குள் அவன் சொன்னது என்னவென்று அவளுக்கு விளங்கியது. அப்ப நான் எடுத்துக்கொண்டு போறன் அக்கா. வேறு என்ன சொல்லியிருப்பான்?

ரஜீவனின் இலக்கத்துக்கு அடித்தாள். மணி போனது, போனது, நின்றது. திரும்ப அடித்தாள். அதே கதைதான். அஞ்சலோ வந்து இறங்கியதும், முழு சிலிண்டரை அவன் கீழே வைக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஏசவில்லை. வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு, "பின் சீற்றில ஆர் இருப்பினம்?" என்று மட்டும் கேட்டான்.

"கௌசிகாவும் பிள்ளையும்."

"பின் சீற்றுக்குக் கீழ தரை உக்கிப் போச்சு மலர். ரெண்டு ஓட்டை. நேற்று குழிக்குள்ள நிண்டு கையை விட்டுப் பாத்தனான், விரிப்பில போய் முட்டினது. அதுக்கு நேர கீழதான் நடு மூட்டு. தகடு ஒண்டு அடிக்கச் சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

"புகை வந்தா மணக்கும்தானே? அதுகளுக்குத் தெரியும்தானே?"

"மணக்கிறது கொல்லாது. கொல்லுறதுக்கு மணமில்லை. அதோட அவன் மல்லிகைப்பூ வேற தொங்க விட்டிருக்கிறான்." அஞ்சலோ மழை அங்கியைத் தேடினான். "நித்திரை மாதிரித்தான் வரும். பெரியாக்களை விடப் பச்சைப் பிள்ளைக்குக் கெதியா வரும்."

போனை நனையாமல் பொலித்தீன் பைக்குள் போட்டு நெஞ்சில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள் என்பது மட்டும்தான் பிறகு இன்பமலருக்கு ஞாபகம் இருந்தது. பட்டறைக் கதவைப் பூட்டினார்களா என்பதுகூட ஞாபகமில்லை.

அன்புவழிபுரத்தில் கௌசிகாவின் தாய் நல்லம்மா வாசலில் நின்று, ஆரத்தி ஊற்றிய இடத்தை மழை கழுவிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வான் வீதியில் இல்லை. வான் எங்கே என்று இன்பமலர் கத்திக் கேட்டாள்.

"இப்பதான் வெளிக்கிட்டதுகள். ஏன் பிள்ளை?"

"அம்மா, கௌசிகாவுக்கு ஒருக்கா அடியுங்கோ. உடன நிக்கச் சொல்லுங்கோ."

"நல்ல நேரத்தில வெளிக்கிட்டதுகளைப் பின்னால கூப்பிடப் போறியளோ?" நல்லம்மாவின் முகம் சுருங்கியது. "பிள்ளையைக் கொண்டு முதல் முதல் தகப்பன் வீட்டுக்குப் போகுதுகள். இடையில மறிக்கப்படாது. வீட்டுப் படி ஏறுமட்டும் ஆர் அடிச்சாலும் போனை எடுக்காதேங்கோ எண்டு நான்தான் சொல்லி விட்டனான்."

மணி போயும் எடுக்காத காரணம் இப்போது தெரிந்தது. இன்பமலருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நல்ல நேரமாம். அஞ்சலோ மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, வானின் குழாயில் பிழை இருக்கிறது, நச்சு வாயு உள்ளே போகும், பிள்ளைக்கு ஆகாது என்று நாலு சொல்லில் சொன்னான். நல்லம்மா மடியிலிருந்து போனை எடுத்து அடித்தாள். பிழையான இடத்தில் அழுத்தி, மீண்டும் அழுத்தினாள்.

"எடுக்கிறாள் இல்லை," என்றாள். "எடுக்க மாட்டாள். நான் சொன்னா அவள் தட்ட மாட்டாள்."

"விடாம அடியுங்கோ அம்மா. எடுக்குமட்டும் அடியுங்கோ."

சீனன்குடாப் பக்கம் திரும்பியபோது மழை முகத்தில் கல்லெறிவது போல அடித்தது. பின்னால் இருந்தபடியே இன்பமலர் பொலிசுக்கு அடித்தாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார், வான் நம்பர் என்ன என்று. அவள் புருசனின் தோளைத் தட்டிக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அந்த வானின் அடிவயிற்றில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், நம்பர் பிளேற்றை ஒரு நாளும் பார்த்ததில்லை. வெள்ளை வான் என்றாள். மூதூர்ப் பக்கம் போகிறது என்றாள். பார்க்கச் சொல்கிறோம் என்றார் அவர். அந்த வீதியில் வெள்ளை வானைத் தவிர வேறு என்ன ஓடுகிறது?

கிண்ணியாப் பாலத்தடியில் டயர்க் கடை வைத்திருக்கும் ஸஜ்ஜாத் அஞ்சலோவின் பழைய கூட்டாளி. அவனுக்கும் அடித்து, ரஜீவனின் வான் வந்தால் எப்படியாவது மறி என்று சொன்னார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே ஸஜ்ஜாத் திரும்ப எடுத்தான்.

"தங்கச்சி, இப்பதான் போனது. நான் குடையும் பிடிச்சுக்கொண்டு நடு ரோட்டில நிண்டு கையைக் காட்டினன். அவர் சிரிச்சு, ஹோர்ன் அடிச்சு, சுத்திக்கொண்டு போறார். பிள்ளையைப் பாத்து வாழ்த்துறன் எண்டு நினைச்சார் போல."

"பின்னால போகேலாதோ ஸஜ்ஜாத் நானா?"

"மோட்டார் சைக்கிளை மகன் கொண்டு போயிட்டான். ஒண்டு சொல்லுறன், வான் சத்தம் சரியில்லை. டிரக்டர் மாதிரிப் போகுது."

இன்பமலர் அதை அஞ்சலோவின் காதுக்குள் கத்திச் சொன்னாள். பாலத்தின் மேலே காற்று அவர்களை ஒரு பக்கமாகத் தள்ளியது. அவன் காலை ஊன்றி, சரி செய்து, மறுபடியும் விட்டான்.

"புள்ளி விட்டுட்டுது," என்றான் பிறகு. "பள்ளத்தில விழுந்து புள்ளி உடைஞ்சிருக்கும். இப்ப நடு மூட்டு வாயைத் திறந்துகொண்டு நிக்கும்."

"அப்ப சத்தம் கேட்டு நிப்பாட்டுவான்தானே?"

"நிப்பாட்டக் கூடாது மலர். ஓடிக்கொண்டிருந்தா பரவாயில்லை, காத்து பின்னால இழுத்துப்போடும். இந்த மழையில கண் தெரியேலை எண்டு ஓரங்கட்டி, பிள்ளைக்கு வேர்க்கும் எண்டு ஏசியையும் போட்டு, எஞ்சினை ஓட விட்டு வச்சிருந்தான் எண்டா..."

அதுவரை அந்த வான் நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு வந்த இன்பமலர், அந்த இடத்தில் செபத்தை மாற்றினாள். நிற்கக் கூடாது. எங்கேயும் நிற்கக் கூடாது. மழையே, விடு. மழையோ அவளைக் கேலி செய்வது போல இன்னும் இறுகியது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வயல் எது, வீதி எது என்று தெரியவில்லை. இந்த மழையில் நிதானமுள்ள எந்த மனிதனும் வானை ஓரத்தில் நிறுத்துவான். அதுவும் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டாயம் நிறுத்துவான். ரஜீவன் நிதானமுள்ளவன்.

நான்தான் கொன்றேன் என்று ஒரு குரல் உள்ளே தொடங்கியது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குச் சொன்னாள். அது கேட்கவில்லை.

கங்கைப் பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் வெள்ளம் மேவிய வயல் தொடங்கும் இடத்தில், இடது ஓரமாக இரண்டு மஞ்சள் விளக்குகள் மினுங்கி மினுங்கித் தெரிந்தன. வெள்ளை வான். முன்கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளிறி இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வானின் நடுவயிற்றுக்குக் கீழேயிருந்து அந்த டிரக்டர்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அஞ்சலோ மோட்டார் சைக்கிளை அப்படியே விழ விட்டுவிட்டு ஓடினான். முன்கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் அடித்தான். ரஜீவனின் தலை ஒருமுறை அசைந்து மறுபடியும் ஸ்டேரிங்கில் சாய்ந்தது. இன்பமலர் பக்கக் கதவை இழுத்தாள். அது திறந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த, மல்லிகை மணக்கும் காற்று அவள் முகத்தில் பட்டது. அந்த மணத்தை வாழ்நாளில் இனிச் சகிக்க மாட்டாள்.

கௌசிகா பின் சீற்றில் தலை ஒரு பக்கம் தொங்க, வாய் கொஞ்சம் திறந்தபடி கிடந்தாள். வேட்டித் துண்டில் சுற்றிய பிள்ளை அவள் மடியில் இருந்தது. இன்பமலர் ஒன்றையும் யோசிக்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மழைக்குள் பாய்ந்தாள். அஞ்சலோ உள்ளே ஏறி, எட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தி, முன்கதவுப் பூட்டையும் எடுத்துவிட்டு, கௌசிகாவைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வந்து வீதியோரப் புல்லில் சாய்த்தான். பிறகு முன்கதவைத் திறந்து ரஜீவனை இறக்கினான். மழை முகத்தில் பட்டதும் ரஜீவன் நாலு காலில் நின்று வாந்தி எடுத்தான்.

"அண்ணை, தலை இடிக்குது," என்றான். "கொஞ்சம் படுத்திட்டன்." அஞ்சலோ ஏன் அங்கே நிற்கிறான் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கௌசிகாவும் இருமினாள். கண்ணைத் திறந்து, மடியைத் தடவிப் பார்த்தாள். "பிள்ளை," என்றாள். எழும்பப் பார்த்தாள், கால் நிற்கவில்லை.

இன்பமலர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பிள்ளையின் முகத்தைத் தாய் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அது நல்ல சிவப்பாக, பால் குடித்துவிட்டு உறங்குவது போல அவ்வளவு வடிவாக இருந்தது. அந்த வடிவுதான் அவளைப் பயத்தில் உறைய வைத்தது. மழை நேரே அதன் முகத்தில் விழுந்தது, கண் சுருங்கவில்லை. துண்டை உருவி எறிந்துவிட்டு, உள்ளங்காலைச் சுண்டினாள். நெஞ்சில் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். கடவுளே, என்னை எடு. வேறு எதையும் அவளால் கேட்க முடியவில்லை.

வானுக்குள் போன் ஒன்று அடித்தது. நல்லம்மா விடாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். கௌசிகாவின் காலடியில் கிடந்த அந்தப் போனை அஞ்சலோ எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மனைவியின் பக்கம் நீட்டினான்.

"கௌசி, போய்ச் சேந்திட்டியளோ மகள்?"

நல்லம்மாவின் குரலில் சந்தோசம் இருந்தது. போன் எடுபட்டபடியால் படி ஏறிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். அதே சொல்லைச் செத்த வீட்டிலும் சொல்வார்கள் என்பது அந்த நேரம் இன்பமலருக்குத்தான் உறைத்தது. ஓம் என்று சொல்லப் பயந்தாள். இல்லை என்று சொல்லவும் பயந்தாள். புல்லில் கிடந்த கௌசிகா அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "அக்கா, தாங்கோ, பிள்ளையைத் தாங்கோ," என்றாள்.

"என்னடி பேசாம இருக்கிறாய்? போய்ச் சேந்திட்டியளோ?"

இன்பமலர் பிள்ளையைத் திருப்பி, மூக்கோடு வாய் வைத்து ஊதினாள். இன்னொரு தரம் ஊதினாள். அதன் வயிறு உள்ளே போனது. விக்கல் போல ஒன்று வந்தது. பிறகு முகம் கோணி, வாய் அகலத் திறந்து, சத்தமே வராமல் அப்படியே நின்றது. அவளும் மூச்சை விடாமல் நின்றாள். முதலில் பூனைக்குட்டியின் சத்தம் போல மெல்லிசாக வந்தது. பிறகு வீரிட்டு வந்தது.

கௌசிகா சேலையை விட்டுவிட்டு நிலத்தில் முகத்தை வைத்தாள். மூதூர்ப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று இவர்களைக் கண்டு நின்றது. அஞ்சலோ போனை மனைவியின் கையில் திணித்துவிட்டு, கையைக் காட்டி, ஆசுபத்திரி, ஆசுபத்திரி என்று கத்திக்கொண்டு அதை நோக்கி ஓடினான். அந்தப் பக்கம் நல்லம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்பமலர் குனிந்து போனைப் பிள்ளையின் வாயோடு பிடித்தாள்.